மதுரையில் இரண்டு நாள்: ஸ்டார் ஹோட்டலா, கோயில் பக்கத்து லாட்ஜா?

கேள்வி: மனைவி, ஏழு வயது மகன், முட்டிவலி உள்ள அம்மா ஆகியோருடன் சென்னையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸில் மதுரை போகிறோம். மறுநாள் இரவு அதே ரயிலில் திரும்புகிறோம். மீனாட்சி அம்மன் தரிசனம்தான் முக்கியம். ஊருக்கு வெளியே ஒரு ஸ்டார் ஹோட்டலில் அறை 9,000 ரூபாய், கோயிலுக்கு அருகே ஒரு லாட்ஜில் 2,000. இரண்டு அறை வேண்டும். அம்மாவுக்காக ஸ்டார் ஹோட்டலே எடுத்துவிடலாமா?

பதில்: அம்மாவுக்காக என்றால் கோயில் பக்கத்திலேயே தங்குங்கள்.

மீனாட்சி கோயில் நடையை மதியம் பன்னிரண்டரை வாக்கில் சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். காலையில் பிரகாரம் சுற்றிய அம்மாவுக்கு அந்த நேரத்தில் கால் நீட்டிப் படுக்க ஓர் இடம் வேண்டும். சாயங்காலம் மறுபடி கோயில். இரவு பள்ளியறை பூஜைக்கு சுவாமியின் திருவடிகள் பல்லக்கில் அம்மன் சன்னதிக்கு எழுந்தருளுவதைப் பார்க்காமல் வர அவருக்கு மனசு வராது. ஊருக்கு வெளியே தங்கினால் ஒவ்வொரு முறையும் கார் பிடித்து நெரிசலில் ஊர்ந்து வர வேண்டும்.

அடுத்தது நேரம். உங்கள் ரயில் விடியற்காலையில் போய்ச் சேரும். ஸ்டார் ஹோட்டல்களில் பெரும்பாலும் மதியம் 2 மணிக்குத்தான் செக்-இன், மறுநாள் 12-க்குள் காலி செய்ய வேண்டும். சீக்கிரம் அறை கேட்டால் தனிக் கட்டணம் போடலாம். மதுரை லாட்ஜ்கள் பலவற்றில் 24 மணி நேர முறை உண்டு. காலை ஆறு மணிக்கு நுழைந்தால் மறுநாள் ஆறு வரை அறை உங்களுடையது.

கணக்கையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5%, அதைத் தாண்டினால் 18%. ஸ்டார் ஹோட்டலில் இரண்டு அறை, ஓர் இரவுக்கு 21,240 ரூபாய். அதைக் கொடுத்தும் இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல் அறை கிடையாது. லாட்ஜில் முதல் நாள் இரண்டு அறை, மறுநாள் ஓர் அறை என்று வைத்துக்கொண்டாலும் 6,300-தான்.

ஆனால் எந்த லாட்ஜ் என்பதில் கவனம் வேண்டும். ஆப்பில் படம் பார்த்ததோடு விடாமல் போன் போட்டுக் கேளுங்கள். லிஃப்ட் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. வாசலிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படி என்று கேளுங்கள். பழைய கட்டடங்கள் சிலவற்றில் ஏழெட்டுப் படி ஏறிய பிறகுதான் லிஃப்ட்டே வரும், முட்டிவலிக்காரர்களுக்கு அதுவே பெரும்பாடு. வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா, வெந்நீர் நாள் முழுக்க வருமா, கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா என்றும் கேட்டுவிடுங்கள். பாத்ரூமை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லலாம், தயங்க வேண்டாம்.

பதில் திருப்தியாக இல்லையா? மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் நடுத்தர வாடகை ஹோட்டல்கள் வரிசையாக இருக்கின்றன. ஸ்டேஷனும் பக்கம், கோயிலும் பக்கம். அம்மாவை உத்தேசித்து நானாக இருந்தால் முதலில் அங்கேதான் விசாரிப்பேன்.

நீச்சல் குளம், தோட்டம் என்று ஹோட்டலுக்குள்ளேயே பொழுதைக் கழிக்கப் போகிறவர்களுக்கு அந்த 9,000 நியாயமான விலை. மகனுக்கு அப்படியொரு ஆசை இருந்தால் கோடை விடுமுறையில் கொடைக்கானல் போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள். சித்திரைத் திருவிழா சமயத்தில் போவதாக இருந்தால் மட்டும் இப்போதே அறையைப் போட்டுவிடுங்கள். வாடகையும் ஏறும், அறையும் கிடைக்காது.