அனிமேஷனுக்கும் எடிட்டிங்குக்கும் ஒரு கணினி: காசை எந்தப் பாகத்தில் போடுவது?

கேள்வி: என் மகன் கல்லூரியில் காட்சித் தொடர்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் முப்பரிமாண அனிமேஷன் பழகுகிறான். உறவினர் வீட்டு விழாக்களின் வீடியோவை டாவின்சி ரிசால்வில் எடிட் செய்தும் கொடுக்கிறான். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் வீட்டில் இருக்கின்றன. மற்றவற்றுக்கு 75,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறோம். எங்கள் ஊர்க் கடையில் கோர் ஐ7 12700எஃப் பிராசசர், 16 ஜிபி ராம் ஒன்று, 512 ஜிபி எஸ்எஸ்டி, 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு, வண்ண விளக்குகள் எரியும் கண்ணாடி கேபினெட், அதனுடனேயே வரும் எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வாங்கலாமா?
– ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: இந்தப் பட்டியலின்படி வாங்க வேண்டாம். கடைக்காரர் உங்களை ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லவில்லை. ஐ7 என்ற பெயர் எளிதில் விலைபோகும் என்பதால், பணத்தின் பெரும்பங்கை அதில் போட்டுவிட்டு மற்ற பாகங்களில் சிக்கனம் பிடிப்பது பல கடைகளில் வழக்கமாகிவிட்டது. உங்கள் மகன் செய்யும் வேலையில் கணினி எந்த இடத்தில் காத்துக் கிடக்கிறது என்று பார்த்தால், இந்தப் பட்டியலைத் தலைகீழாகத் திருப்ப வேண்டியிருக்கும்.

பிளெண்டரில் ஒரு காட்சியை அமைத்து முடித்த பின், ஒளி எங்கே பட்டு எப்படிச் சிதறுகிறது என்று கணக்கிட்டு ஒவ்வொரு ஃபிரேமையும் படமாக்கும் வேலைதான் ரெண்டர். வினாடிக்கு 24 ஃபிரேம் வீதம் ஒரு நிமிட அனிமேஷனுக்கு 1,440 ஃபிரேம்கள் வேண்டும். ஒரு ஃபிரேமுக்கு 2 நிமிடம் பிடித்தால் மொத்தம் 48 மணி நேரம். அதே ஃபிரேம் 20 வினாடியில் முடிந்தால் 8 மணி நேரம். முதலாவது இரண்டு பகல், இரண்டு இரவு. இரண்டாவது, இரவு படுக்கப்போகும்போது போட்டுவிட்டுக் காலையில் எழுந்து பார்ப்பது. பிளெண்டரில் உள்ள சைக்கிள்ஸ் என்ற ரெண்டர் முறையில் இந்த வித்தியாசத்தை உண்டாக்குவது கிராபிக்ஸ் கார்டுதான். என்விடியா நிறுவனத்தின் நடுத்தரமான ஆர்டிஎக்ஸ் கார்டு ஒன்று அந்த ஐ7 பிராசசரைவிடப் பல மடங்கு வேகமாக ரெண்டர் செய்யும். ஜிடிஎக்ஸ் 1650 என்பது 2019இல் வந்த கார்டு. ஒளிக்கதிர்க் கணக்குக்கென ஆர்டிஎக்ஸ் வரிசையில் இருக்கும் தனி வன்பொருள் அதில் கிடையாது. அதைவிடப் பெரிய குறை அதன் 4 ஜிபி நினைவகம். காட்சியில் உள்ள மரம், செடி, துணி, அவற்றின் மேல் ஒட்டிய படங்கள் எல்லாம் கார்டின் நினைவகத்தில் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் ரெண்டர் மிகவும் மெதுவாகும், அல்லது பாதியில் நின்றுவிடும்.

ஆகவே இன்டெலின் கோர் ஐ5 12400 போதும். ஆறு கோர்கள் (தனித்தனியே கணக்கிடும் பகுதிகள்) உள்ள இந்தப் பிராசசர், மாடல் செய்வதற்கும் எடிட் செய்வதற்கும் தாராளமாக ஈடுகொடுக்கும். புகை, துணி போன்றவற்றின் அசைவைக் கணக்கிடும் சிமுலேஷன்களுக்குப் பிராசசர்தான் உழைக்கும் என்பதும், அங்கே ஐ7 முந்தும் என்பதும் உண்மை. ஆனால் மாணவர் ஒருவர் அவற்றுக்காகக் காத்திருக்கும் நேரம், ரெண்டருக்காகக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்குகூட வராது. எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' என்ற எழுத்து இல்லாததைக் கேட்டு வாங்குங்கள். எஃப் என்றால் பிராசசருக்குள்ளேயே இருக்க வேண்டிய கிராபிக்ஸ் பகுதி இல்லை என்று பொருள். விலை சற்றுக் குறையும் என்பதால் கடையில் அதையே எடுத்துக் காட்டுவார்கள். கிராபிக்ஸ் கார்டு பழுதாகி உத்தரவாதத்துக்குப் போகும் வாரங்களில், எஃப் பிராசசர் உள்ள கணினியில் திரையில் எதுவுமே வராது. வேறொரு பயனும் உண்டு. அதை அடுத்த கேள்விக்கான பதிலில் சொல்கிறேன்.

மிச்சமாகும் பணம் முழுவதும் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும். மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்கத் தயங்காதீர்கள். ஆர்டிஎக்ஸ் 3060 கடையில் புதிதாகக் கிடைத்தால், மாணவருக்கு அதுவே என் முதல் தேர்வு. காரணம் அதன் 12 ஜிபி நினைவகம். அதே பெயரில் 8 ஜிபி உள்ள ஒரு வகையும் உண்டு. நினைவகம் மட்டுமல்லாமல் வேகமும் அதில் குறைவு. ஆகவே பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படித்துவிட்டே பணம் கொடுங்கள். அது கிடைக்காவிட்டால் 8 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 4060 அல்லது 5060 வாங்கலாம். கணினி விளையாட்டுகளுக்கு ஏஎம்டியின் கார்டுகள் நல்ல மதிப்புடையவை என்றாலும், அதே விலையில் சைக்கிள்ஸ் ரெண்டருக்கு என்விடியா கார்டுகளே முந்துகின்றன.

ராம் விஷயத்தில் ஒரு கசப்பான உண்மை: செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால், 2025ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து ராமின் விலை கடுமையாக ஏறிவிட்டது. இரண்டு 16 ஜிபி போட முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் 16 ஜிபியை ஒன்றாக வாங்காமல் இரண்டு 8 ஜிபியாக வாங்குங்கள். இரண்டு வழிகளில் ஒரே நேரத்தில் தரவு போய்வருவதால் வேகம் கூடும். மதர்போர்டில் ராமுக்கு நான்கு இடங்கள் இருக்கட்டும்; பிறகு காசு சேரும்போது இருப்பதைக் கழற்றாமல் இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளலாம். விலை குறைந்த எச்610 போர்டுகளில் பெரும்பாலும் இரண்டு இடங்கள்தான் இருக்கும். பி660, பி760 வகைகளில் நான்கு கிடைக்கும். டிடிஆர்4 ராம் ஏற்கும் போர்டா, டிடிஆர்5 ஏற்கும் போர்டா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒன்றை மற்றொன்றில் செருக முடியாது.

எஸ்எஸ்டி 1 டெராபைட்டாக, வேகம் கூடிய என்விஎம்இ வகையாக இருக்கட்டும். விளக்கு எரியும் கேபினெட்டுக்குப் பதிலாக, முன்பக்கம் வலை போட்டு இரண்டு விசிறிகள் உள்ள எளிய கேபினெட் போதும். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் இரவெல்லாம் ரெண்டர் ஓடும்போது, கண்ணாடி முகப்பு காற்றை அடைத்துக்கொள்ளும்.

மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது எஸ்எம்பிஎஸ் பற்றியே. கேபினெட்டுடன் சேர்ந்து வரும் பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸில் 450 வாட் என்று ஒட்டியிருந்தாலும், அந்தச் சுமையை அது மணிக்கணக்கில் தாங்கும் என்று நம்புவதற்கில்லை. ரெண்டர் என்பது முழுச் சுமையில் இரவு முழுவதும் ஓடும் வேலை. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 170 வாட்டும், ஐ5 12400 அதிகபட்சமாக 117 வாட்டும், மற்றவை சேர்ந்து ஐம்பது வாட் அளவும் இழுக்கும். ஆகவே பெயருள்ள நிறுவனத்தின் 550 வாட், '80 பிளஸ் பிரான்ஸ்' (80 Plus Bronze) என்ற மின்சிக்கன முத்திரை பெற்றதாக வாங்குங்கள். இதில் மிச்சம் பிடித்த இரண்டாயிரம் ரூபாய், மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோன கதைகளை நான் போதுமான அளவு பார்த்திருக்கிறேன்.

சென்னைக்கு வர வாய்ப்பிருந்தால் ரிச்சி தெருவில் மூன்று கடைகளிலாவது பாகவாரியாக விலை எழுதி வாங்கி ஒப்பிடுங்கள். எங்கே வாங்கினாலும் ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணும் குறிக்கப்பட்ட ஜிஎஸ்டி ரசீது வேண்டும். அது இல்லாமல் விலை குறைத்துத் தருவதாகச் சொன்னால், உத்தரவாதத்தை விற்றுத்தான் அந்தக் குறைப்பை வாங்குகிறீர்கள். பிராசசரையும் பெட்டி பிரிக்காததாகக் கேளுங்கள்.

உங்கள் மகனிடம் ஒன்று சொல்லுங்கள்: எல்லாவற்றையும் சைக்கிள்ஸில் ரெண்டர் செய்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. பிளெண்டரிலேயே உள்ள ஈவீ, ஒளியைத் தோராயமாகக் கணக்கிட்டு மிக விரைவாகப் படமாக்கும். 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் பெற்ற, லாட்வியா நாட்டு இயக்குநரின் வசனமே இல்லாத படம் பிளெண்டரில் உருவாகி ஈவீயிலேயே ரெண்டர் செய்யப்பட்டது. இலவச மென்பொருளில் பழகுகிறோமே என்று உங்கள் மகன் தயங்கத் தேவையில்லை.

கேள்வி: நான் திருமண வீடியோ எடுப்பவன். பிரீமியர் புரோவில் எடிட் செய்கிறேன். 4கே வீடியோவை டைம்லைனில் போட்டாலே திக்கித் திக்கி ஓடுகிறது என்பதால் ராமை 32 ஜிபி ஆக்கினேன். வேகமான எஸ்எஸ்டியும் போட்டேன். பலனில்லை. என்ன காரணம்?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: உங்கள் கணினி வட்டிலிருந்து படிப்பதற்குத் திணறவில்லை. வினாடிக்கு 100 மெகாபிட் அளவில் பதிவான வீடியோ, வினாடிக்கு 12.5 மெகாபைட்தான், பழைய ஹார்டு டிஸ்க்கே அதைக் கொடுத்துவிடும். திணறல் வருவது சுருக்கிய வீடியோவை விரிப்பதில். கேமராவும் செல்பேசியும் எச்.264, எச்.265 முறைகளில் பதியும்போது ஒவ்வொரு ஃபிரேமையும் முழுப் படமாக வைப்பதில்லை. சில ஃபிரேம்களை முழுதாக வைத்து, இடையில் உள்ளவற்றில் என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துவைக்கின்றன. பார்ப்பதற்கு இது சிக்கனமான ஏற்பாடு. ஆனால் நீங்கள் டைம்லைனில் முன்னும் பின்னும் இழுக்கும்போது, ஒரு ஃபிரேமைக் காட்டுவதற்காகவே அதற்கு முந்தைய பல ஃபிரேம்களைக் கணினி விரித்தாக வேண்டியிருக்கிறது.

இந்த விரிக்கும் வேலைக்கென இன்டெல் பிராசசர்களின் கிராபிக்ஸ் பகுதியில் குவிக் சிங்க் என்ற தனி வன்பொருள் உண்டு. எஃப் எழுத்துள்ள பிராசசர்களில் அது இல்லை என்பதால்தான் மேலே எச்சரித்தேன். உங்கள் கேமரா எச்.265 முறையில் வண்ண விவரங்களைக் கூடுதலாக வைத்துக்கொள்ளும் 10 பிட் 4:2:2 வகையில் பதிகிறதென்றால் இது இன்னும் முக்கியம்: ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய என்விடியா கார்டுகளால் அந்த 4:2:2 வீடியோவை வன்பொருளில் விரிக்க முடியாது, ஆனால் 12ஆம் தலைமுறை இன்டெல் மேசைக்கணினிப் பிராசசரின் கிராபிக்ஸ் பகுதி அதைச் செய்துவிடும். கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரையான பயாஸில் அது அணைக்கப்பட்டிருந்தால் இயக்கிவிடுங்கள்; பிரீமியர் புரோ அதைப் பயன்படுத்திக்கொள்ளும்.

அதற்கும் முன்னால், காசு செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது: பிராக்ஸி. மூல வீடியோ ஒவ்வொன்றுக்கும் சிறிய அளவில், எளிதில் விரியக்கூடிய புரோரெஸ் போன்ற முறையில் ஒரு நகலை மென்பொருளே உருவாக்கிக்கொள்ளும். நீங்கள் அந்த நகலை வைத்து வெட்டி ஒட்டுகிறீர்கள். கடைசியில் வெளியிடும்போது மூல வீடியோவிலிருந்தே படம் போகும். இரவில் பிராக்ஸி போட விட்டுவிட்டால், காலையில் பழைய கணினியிலும் 4கே வேலை சீராக ஓடும். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலும் இது உண்டு. புது கார்டு வாங்குவதற்கு முன் ஒரு திருமணத்தையாவது இப்படி எடிட் செய்து பாருங்கள்.

செல்பேசியில் எடுத்த காட்சிகளில் ஒலியும் உதட்டசைவும் போகப் போக விலகினால் அது கணினியின் குற்றமல்ல. செல்பேசி ஃபிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பதிகிறது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட்டுக்கு எடுங்கள்.

இடத்தையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்: மேற்சொன்ன 100 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமராக்கள் ஆறு மணி நேரம் வீதம் ஓடினால் ஒரே திருமணத்துக்கு 540 ஜிபி. நடப்பு வேலை மட்டும் எஸ்எஸ்டியில் இருக்கட்டும். முடிந்தவற்றை ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றி, வாடிக்கையாளர் வாங்கிப்போகும் வரையிலாவது இன்னொரு பிரதி வைத்திருங்கள்.

கேள்வி: அலுவலகங்களில் கழித்த, 4ஆம் தலைமுறை ஐ5 உள்ள கணினி மலிவாகக் கிடைக்கிறது. அதில் கிராபிக்ஸ் கார்டு போட்டு அனிமேஷன் பழகலாமா?
– ஒரு கல்லூரி மாணவர், ஈரோடு

பதில்: 4ஆம் தலைமுறை வேண்டாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது 8ஆம் தலைமுறை முதலான இன்டெல் பிராசசர்களை. மேலும் 4ஆம் தலைமுறையில் எச்.265 வீடியோவை விரிக்கும் வன்பொருளே இல்லை. 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது கிடைத்தால் யோசிக்கலாம். அப்போதும் ஒல்லியான பெட்டியைத் தவிர்த்து, உயரமான டவர் கேபினெட்டாகப் பாருங்கள். இந்த அலுவலகக் கணினிகளில் எஸ்எம்பிஎஸ் திறன் குறைவு. கார்டுக்கான தனி மின்கம்பியும் பெரும்பாலும் இருக்காது. பலவற்றில் இணைப்பியே வேறு வடிவம் என்பதால் கடையில் கிடைக்கும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் போடவும் முடியாது. செருகும் இடத்திலிருந்தே 75 வாட்டுக்குள் மின்சாரம் எடுத்துக்கொள்ளும் சிறிய கார்டுதான் அதற்குப் பொருந்தும். மாடல் செய்யவும், அசைவு கொடுக்கவும், ஈவீயில் ரெண்டர் செய்யவும் பழக அது போதும்.

கேள்வி: இரவில் ரெண்டர் போட்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. ஒன்பது மணி நேர வேலை. காலையில் வீடியோ கோப்பு திறக்கவே இல்லை. யுபிஎஸ் வாங்கினால் தீருமா?
– ஒரு வாசகி, வேலூர்

பதில்: ஒன்பது மணி நேரம் போனது வருத்தம்தான். ஆனால் முதல் மருந்து யுபிஎஸ் அல்ல. ரெண்டரை நேரடியாக எம்பி4 வீடியோவாக எழுதாதீர்கள். கோப்பை முறையாக மூடுவதற்குள் மின்சாரம் போனால் முழுவதும் வீணாகும். வெளியீட்டைப் பிஎன்ஜி படங்களாக, ஃபிரேமுக்கு ஒரு கோப்பாக எழுதச் சொல்லுங்கள். 'ஓவர்ரைட்' என்ற தேர்வை எடுத்துவிட்டால், மறுபடி தொடங்கும்போது முடிந்த ஃபிரேம்களைத் தாண்டி விட்ட இடத்திலிருந்து பிளெண்டர் தொடரும். பிறகு அந்தப் படங்களைச் சேர்த்து வீடியோவாக்கச் சில நிமிடங்களே ஆகும்.

யுபிஎஸ்ஸும் வாங்குங்கள், ஆனால் வாட் பார்த்து வாங்குங்கள். 600 விஏ என்று விற்கப்படுபவை பொதுவாக 360 வாட் வரைதான் தாங்கும். கார்டுள்ள கணினி முழுச் சுமையில் ஓடும்போது மின்சாரம் போனால், மானிட்டரையும் சேர்த்து அது திணறும். 1,000 விஏ நல்லது. அதுவும் சில நிமிடங்களுக்குத்தான். கணினியை முறையாக அணைப்பதற்கான அவகாசம் அது. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால், அதில் உள்ள விசையை யுபிஎஸ் நிலைக்கு மாற்றி வையுங்கள்; மற்ற நிலையில் மாறும் இடைவெளி நீளமாக இருப்பதால் கணினி அணைந்து எழும்.

கேள்வி: நான் கையால் வரையும் இருபரிமாண அனிமேஷன் மட்டுமே செய்கிறேன். எனக்கும் கிராபிக்ஸ் கார்டு தேவையா?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: தேவையில்லை. கிருதா, ஓபன்டூன்ஸ் போன்ற வரையும் மென்பொருள்களில் வேலை செய்பவருக்குப் பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸே போதும், ராம்தான் வேண்டும். ஒரு முழு எச்டி ஃபிரேம் நினைவகத்தில் ஏறத்தாழ 8 எம்பி பிடிக்கும். வரைந்ததைத் தடையின்றி ஓட்டிப் பார்க்க ஒரு நிமிடக் காட்சியை முழுவதும் நினைவகத்தில் ஏற்றினால், அதுவே 12 ஜிபி ஆகிவிடும். கார்டுக்கு வைத்திருந்த பணத்தில் 32 ஜிபி ராமும், அழுத்தம் உணரும் பேனா உள்ள ஒரு வரைபலகையும் வாங்கிவிடுங்கள். திரையில்லாத எளிய வரைபலகை போதும். கை ஓரிடத்திலும் கண் ஓரிடத்திலும் இருப்பது முதலில் அந்நியமாகத் தோன்றினாலும், சில வாரங்களில் பழகிவிடும்.