காணியை ஈடு வைத்து மாஸ்டர்ஸ் படிக்கப் போகலாமா?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் இருக்கிறோம். எனக்கு 27 வயது. பௌதிகவியலில் நான்கு வருடச் சிறப்புப் பட்டம், செக்கன்ட் அப்பர். சீனன்குடாப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் மூன்று வருடமாக வேலை. கைக்கு 95,000 ரூபா வருகிறது. சின்ன வயதில் புல்மோட்டை மணலைப் பார்த்ததிலிருந்தே இந்த மெட்டீரியல் சயன்ஸ் படிப்பில் ஆசை. இங்கிலாந்தில் ஒரு வருட மாஸ்டர்ஸுக்கு இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் 28,000 பவுண்ட்ஸ், அதில் 3,000 கழிவு. மாத முடிவுக்குள் முற்பணம் கட்டினால்தான் கழிவு என்கிறார் ஏஜென்சிக்காரர். சாம்பல்தீவில் என் பெயருக்கென்று வைத்திருக்கும் காணியை ஈடு வைத்து ஒரு கோடி இருபது லட்சம் எடுக்கலாம் என்கிறார் அப்பா. வங்கி 13 வீதம், பத்து வருடம் சொல்கிறது. மிச்சத்துக்கு அம்மாவின் நகை இருக்கிறது. என் சேமிப்பு 9 லட்சம். மாமா ஒருவர் ஜேர்மனியில் இருக்கிறார். படித்து முடித்துத் திரும்பி வந்து இங்கேயே வேலை செய்ய விருப்பம். காணியை ஈடு வைக்கலாமா? வேலையை இப்போதே விடட்டுமா?

பதில்: தங்கச்சி, ‘பொருள் விஞ்ஞானம்’ என்று கடிதத்தின் மேலே எழுதியிருந்ததைப் பார்த்ததும், இது காசு பணம் பேசும் நம்முடைய பகுதிக்கே வந்த பாடம் என்று நினைத்துவிட்டேன். பிறகுதான் அது உலோகம், செராமிக் என்ற வேறு பொருள், உங்கள் மெட்டீரியல் சயன்ஸ் என்று விளங்கியது.

காணியை ஈடு வைக்க வேண்டாம். ‘இப்போதைக்கு வேண்டாம்’ என்றுகூடச் சொல்லவில்லை. இந்தப் படிப்புக்காக வேண்டவே வேண்டாம்.

ஏன் என்று கணக்கிலேயே பார்ப்போம். கழிவு போகக் கட்டணம் 25,000 பவுண்ட்ஸ். லண்டனுக்கு வெளியே என்றாலும் சாப்பாடு, வாடகை என்று மாதம் 1,100 பவுண்ட்ஸுக்குக் குறையாது. விசா, அதோடு கட்டாயமாகக் கட்ட வேண்டிய சுகாதாரக் கட்டணம், டிக்கெட் எல்லாம் சேர்த்தால் 40,000 பவுண்ட்ஸைத் தாண்டும். ஒரு பவுண்ட் 400 ரூபா என்று வைத்தால் ஒரு கோடி அறுபது லட்சத்துக்கு மேல். அப்பா சொல்லும் ஒரு கோடி இருபது லட்சத்தை 13 வீதத்தில் பத்து வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 1,79,000 ரூபா. உங்கள் இப்போதைய சம்பளத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கடைசித் தவணை கட்டும்போது இரண்டு கோடி பதினைந்து லட்சம் கட்டி முடித்திருப்பீர்கள்.

இங்கிலாந்திலேயே வேலை கிடைத்துவிட்டால் இந்தத் தவணையைக் கட்டிவிடலாம்தான். ஆனால் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், திரும்பி வர விருப்பம் என்று. அந்த ஒரு வரிதான் முழுக் கணக்கையும் மாற்றுகிறது. திருகோணமலையில் வேலை செய்யப் போகிறவர் திருகோணமலைச் சம்பளத்தில் அடைக்கக்கூடிய கடனைத்தான் எடுக்க வேண்டும். வெளிநாட்டுச் சம்பளத்தை நம்பிக் கடன் எடுத்தால், திரும்பி வருவதா இல்லையா என்பதை நீங்கள் தீர்மானிக்க மாட்டீர்கள், வங்கி தீர்மானிக்கும். இருக்கவே வேண்டும் என்று பிறகு மனம் மாறினாலும் வழி முன்பு போல அகலமில்லை. படிப்புக்குப் பிறகு வேலை தேட அங்கே தரும் இரண்டு வருட விசா, 2027 ஜனவரியிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைகிறது. வேலை விசாவுக்கான சம்பள வரம்பையும் ஏற்றிவிட்டார்கள்.

அப்பாவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். “உனக்கு வைத்த காணிதானே, உன் படிப்புக்கே போகட்டும்” என்று அவர் நினைப்பது பாசம். ஆனால் தவணை தவறினால், இந்த அளவுக் கடனில் வழக்குப் போடாமலேயே காணியை ஏலம் விடும் அதிகாரம் வங்கிக்கு உண்டு. பராட்டே என்று செய்திகளில் கேள்விப்பட்டிருப்பீர்கள், அதுதான். நிலாவெளி வீதிப் பக்கம் காணி ஒருமுறை கையை விட்டுப் போனால், அதே இடத்தில் அதே அளவு வாங்கப் பிறகு எத்தனை வருடம் உழைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாததல்ல.

ஏஜென்சிக்காரர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாணவரைச் சேர்த்துவிட்டால் அந்தப் பல்கலைக்கழகம் அவருக்குக் கமிஷன் கொடுக்கிறது. கட்டணமே வாங்காத இடத்தில் கமிஷனும் இல்லை, அதனால் அந்த இடங்கள் அவர் வாயில் வருவதில்லை. ‘மாத முடிவுக்குள்’ என்ற அவசரம் எங்கிருந்து வருகிறது என்று இப்போது விளங்கும். முற்பணத்தைக் கட்டாதீர்கள்.

சரி, அப்போ படிக்கவே வேண்டாமா? அதுவும் இல்லை. உங்கள் பாடத்துக்கு ஒரு தனி வசதி இருக்கிறது. உலையில் மாதிரியைச் சுட்டு, மெருகேற்றி, இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்து, எக்ஸ்-கதிர் விட்டு அளந்து, திரும்பச் சுடும் வேலைக்கு ஆய்வுகூடங்களுக்கு ஆள் வேண்டும். பற்றரி, சிப், அரிமானம், செராமிக் எதுவானாலும் ஆராய்ச்சிப் பணம் இருக்கிறது, செய்யக் கைகள் போதாது. அதனால் இந்தத் துறையில் மாணவருக்குப் பணம் கொடுத்துப் படிக்க வைப்பது வழக்கமான விஷயம். வியாபார முகாமைத்துவம் படிக்கப் போகிறவருக்கு இந்த அறிவுரையை நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் பட்டம் நான்கு வருடம் என்பதால் அமெரிக்காவில் மாஸ்டர்ஸைத் தாண்டி நேரே பிஎச்டிக்கே விண்ணப்பிக்கலாம். அங்கே மெட்டீரியல் சயன்ஸ் பிஎச்டி மாணவருக்குக் கட்டணம் தள்ளுபடி, மாதச் செலவுக்கும் கொடுப்பார்கள். காசு கட்டிப் படிக்கும் மாஸ்டர்ஸைவிட, காசு வாங்கிப் படிக்கும் பிஎச்டி மலிவு என்பது கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் உண்மை. ஐந்து வருடம் போகும் என்பதையும், விசா நிலவரம் அடிக்கடி மாறுகிறது என்பதையும் மனதில் வையுங்கள்.

ஐரோப்பாவில் உங்கள் பாடத்துக்கென்றே ‘அமாசே’ என்ற கூட்டு மாஸ்டர்ஸ் இருக்கிறது. ஜேர்மனியின் சார்லாந்து பல்கலைக்கழகம் முன்னின்று நடத்துகிறது. இரண்டு வருடம், இரண்டு நாட்டில் படிப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் புலமைப்பரிசில் கிடைத்தால் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ கையில். போட்டி கடுமை. ஆனாலும் மூன்று வருட ஆய்வுகூட அனுபவத்தோடு எல்லோரும் விண்ணப்பிப்பதில்லை, அதை மறக்காதீர்கள். தென்கொரிய அரசின் புலமைப்பரிசில், ஜப்பான் அரசின் மெக்ஸ்ட், பொதுநலவாயப் புலமைப்பரிசில், இந்திய உயர்ஸ்தானிகராலயம் வழியாக வருபவை எல்லாவற்றுக்கும் போடுங்கள். கொரியாவில் முதல் ஒரு வருடம் மொழி படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

புலமைப்பரிசில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் ஜேர்மனி. டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இந்தப் பாடம் ஆங்கிலத்திலேயே இருக்கிறது, படிப்புக் கட்டணம் இல்லை. அரையாண்டுக்கொரு சிறு தொகை மட்டும். ஜேர்மனி முழுக்க இலவசம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். கார்ல்ஸ்ரூ, ஸ்டுட்கார்ட் இருக்கும் மாநிலத்தில் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள், மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மாஸ்டர்ஸுக்கு 4,000 முதல் 6,000 வரை.

விசாவுக்கு முடக்கிய கணக்கில் 11,904 யூரோ காட்ட வேண்டும். யூரோ 350 ரூபா என்றால் 41 லட்சத்து 66 ஆயிரம். இந்த எண்ணைக் கேட்டே பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அது கட்டணம் இல்லை, உங்கள் காசு. அங்கே போனதும் மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பி வரும், அதில்தான் சாப்பிட்டு, வாடகை கட்டி, மாணவர் காப்புறுதியும் கட்டுவீர்கள். டிக்கெட், விசா, விண்ணப்பச் செலவுக்கு இன்னும் நாலு லட்சம் வையுங்கள்.

இனி உங்கள் கணக்கு. இன்னும் ஒரு வருடம் வேலை செய்து மாதம் 50,000 ஒதுக்கினால் சேமிப்பு 15 லட்சம் ஆகிவிடும். வீட்டோடு இருப்பதால் இது முடியும். வங்கியில் 15 லட்சம் எடுத்தால், அதே 13 வீதத்தில் ஐந்து வருடத்துக்கு மாதம் 34,000 சொச்சம். நாளைக்கே திரும்பி வந்து பழைய சம்பளத்தில் வேலை செய்தாலும் இதைக் கட்டலாம், இறுக்கமாக இருக்கும், ஆனால் கட்டலாம். என்னைக் கேட்டால் உங்கள் கடனின் எல்லை இதுதான், இதற்கு மேல் ஒரு ரூபாவும் வேண்டாம். பிணையாகக் காணி உறுதியைக் கேட்காத கடனாகப் பாருங்கள், அரச ஊழியர் இருவர் கையெழுத்தில் தரும் இடங்கள் இருக்கின்றன. நீங்கள் அங்கே இருக்கும் காலத்தில் தவணையை யார் கட்டுவது என்பதையும் எடுக்கும் முன்பே பேசி முடியுங்கள், அல்லது படிப்பு முடியும்வரை வட்டி மட்டும் கட்டும் சலுகையைக் கேளுங்கள்.

மொத்தம் 30 லட்சம் ஆகிறது, தேவை 46. மிச்சத்துக்குத்தான் மாமா. முடக்கிய கணக்குக்குப் பதிலாக அங்கே வாழும் உறவினர் ஒருவர் அரச அலுவலகத்தில் பொறுப்புக் கடிதம் எழுதிக்கொடுக்கலாம். இதை நம்மவர்கள் சும்மா ஒரு கையெழுத்து என்று நினைத்துக் கேட்கிறார்கள். சும்மா இல்லை. நீங்கள் அரச உதவி ஏதும் எடுத்தால் ஐந்து வருடம்வரை அவரிடமே வசூலிக்கலாம். ஆகவே மாமாவிடம் கையெழுத்தைக் கேட்கும்போது, “என்னிடம் 30 லட்சம் இருக்கிறது, முதல் ஏழு மாதத்துக்கு உங்களுக்குச் செலவு வராது” என்று கணக்கைக் காட்டிக் கேளுங்கள். அதற்குள் துறையிலேயே மாணவ உதவியாளர் வேலை தேடிக்கொள்ளலாம். வருடத்துக்கு 140 முழு நாள் வேலை செய்யச் சட்டம் விடுகிறது. முதல் அரையாண்டில் வேலையை நம்பாதீர்கள், செய்முறை வகுப்புகளே மூச்சு முட்டும்.

மாமா ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நகை. அப்படியானால் அடகு வைக்காமல் வில்லுங்கள். அம்மா என்னைத் திட்டுவார், தெரியும். ஆனால் இரண்டு வருடம் வட்டி ஏறி மீட்க முடியாமல் முழுவதையும் இழப்பதைவிட, நாலைந்து பவுணை நல்ல விலைக்குக் கொடுத்துவிட்டு மீதியை வீட்டில் வைத்திருப்பது மேல்.

ஒரு வருடம் காத்திருப்பதில் ஒரு ஆபத்து உண்டு, மறைக்கவில்லை. 2022இல் இரண்டே மாதத்தில் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போனதைப் பார்த்தோம். ரூபாவில் சேர்த்து யூரோவில் செலவழிப்பவருக்கு அது அடி. அதற்காக இன்றைக்கே காணியை வைத்துவிட்டு ஓட வேண்டியதில்லை, 46 லட்சத்தை 50 என்று நினைத்துச் சேர்த்தால் போதும்.

திரும்பி வரும் எண்ணம் உறுதி என்றால் உள்நாட்டையும் பாருங்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே துறை இருக்கிறது. பேராதனையிலும் விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு உண்டு. வெள்ளி இரவு ரயிலில் ஏறி ஞாயிறு இரவு திரும்புவது உடம்புக்குக் கஷ்டம்தான், ஆனால் சம்பளம் நிற்காது. புல்மோட்டையின் கனியங்களான இல்மனைட்டும் ரூட்டைலும் சிர்க்கோனும் மணலாகவே கப்பலேறுகின்றன, அந்த இல்மனைட்டிலிருந்து எடுக்கும் வெள்ளை நிறமியை நாம் பெயின்ட் வாளியில் காசு கொடுத்து வாங்குகிறோம். அதில் கை வைக்க ஆசைப்படுகிறவருக்கு இங்கிருக்கும் பேராசிரியர்களின் அறிமுகம், வெளிநாட்டுச் சான்றிதழ் அளவுக்கே உதவும்.

வேலையை விடட்டுமா என்று கேட்டீர்கள். கடவுச்சீட்டில் விசா ஒட்டும்வரை விடாதீர்கள். அதற்கு முன் உங்கள் மேலாளரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள்: எந்தெந்தக் கருவியை நீங்களே இயக்கினீர்கள், எந்தச் சோதனைகளை எத்தனை வருடம் செய்தீர்கள் என்று பெயர் குறிப்பிட்டு. ‘நல்ல ஊழியர்’ என்று மட்டும் எழுதித் தந்தால், திருப்பிக் கொடுத்து மாற்றி எழுதச் சொல்லுங்கள்.