கணினிக் கேள்வி பதில்: நிர்வாகி உரிமை இல்லாமலே கோப்புகளைப் பகிரலாம்

கேள்வி: நான் கல்வெட்டியல் ஆய்வு மாணவி. கல்வெட்டு எழுத்தைத் தாளில் மை ஒற்றி எடுத்த மைப்படிகளைப் படமெடுத்து, பெரிய பெரிய டிஃப் (TIFF) படக் கோப்புகளாகத் துறையின் லினக்ஸ் சர்வரில் சேர்த்து வருகிறேன். வீட்டு மடிக்கணினியிலும் அதே படங்கள் வேண்டும். பாடக் குறிப்புகளை இரண்டு இடத்திலும் எழுதுவேன். இப்போது எல்லாவற்றையும் பென் டிரைவில் சுமக்கிறேன். இரண்டு கணினிகளிலும் கோப்புகளை ஒரே மாதிரி வைத்திருக்கும் சிங்க்திங் மென்பொருளைச் சர்வரில் நிறுவப் பார்த்தேன். எனக்கு சுடோ (நிர்வாகி) உரிமை இல்லை என்று கணினி மறுத்துவிட்டது. நிர்வாகியைக் கேட்டால், பல பேர் பயன்படுத்தும் இயந்திரம், சுடோ தர முடியாது என்கிறார். வேறு வழி உண்டா?
– ஆய்வு மாணவி, தஞ்சாவூர்

பதில்: உண்டு. உங்கள் வேலைக்கு சுடோவே தேவையில்லை. நிர்வாகி மறுத்ததிலும் தவறில்லை. நீண்ட காலம் ஒரு கல்லூரிக் கணினி ஆய்வகத்தைப் பராமரித்தவள் நான். அந்த இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் மறுத்த கையோடு, 'சர்வரில் உங்களுக்கென உள்ள ஹோம் அடைவிலேயே வைத்து ஓட்டிக்கொள்ளுங்கள்' என்றும் சொல்லி அனுப்பியிருப்பேன். அந்த ஒரு வாக்கியம் காதில் விழாததால் எத்தனையோ மாணவர்கள் பென் டிரைவோடு அலைகிறார்கள்.

வழக்கமான முறையில் ஒரு மென்பொருளை நிறுவும்போது, அது கணினி முழுவதற்கும் பொதுவான அடைவுகளில் போய் உட்காருகிறது. அங்கே எழுதத்தான் நிர்வாகி உரிமை வேண்டும். மென்பொருளை ஓட்டுவதற்கு அது வேண்டியதில்லை. ஹோம் அடைவு வாடகை வீடு மாதிரி: சுவரை இடிக்க உரிமையாளர் சம்மதிக்க வேண்டும், உள்ளே நாற்காலி போட யாரையும் கேட்க வேண்டாம். சாதாரணப் பயனர் அங்கே ஒரு கோப்பை வைக்கலாம், அதற்கு இயங்கும் அனுமதி கொடுக்கலாம், ஓட்டலாம். நிரல்கள் வலையமைப்பில் பேசிக்கொள்ளும் எண்ணிட்ட வாசல்களான போர்ட்களில், 1024க்குக் குறைந்த எண்ணுள்ளவற்றை மட்டும் திறக்க முடியாது. சிங்க்திங் கோப்புகளை அனுப்பப் பயன்படுத்துவது 22000, அதன் கட்டுப்பாட்டுப் பக்கம் 8384. இரண்டுமே உங்களுக்கு எட்டும் எண்கள்.

சிங்க்திங் உங்களுக்கு மிகவும் தோதான மென்பொருள். கோ மொழியில் எழுதப்பட்டது, 2013 முதல் வெளிவருகிறது. முழுவதும் ஒரே ஒரு இயங்கு கோப்பு. துணை நூலகங்களைத் தேடி அலைய வேண்டாம். முதலில் சர்வரின் செயலி எந்த வகை என்று 'யுநேம் -எம்' (uname -m) கட்டளையால் பாருங்கள். பெரும்பாலும் 64 பிட் இன்டெல் அல்லது ஏஎம்டியாக இருக்கும். அதற்குரிய தொகுப்பைத் திட்டத்தின் அதிகாரப்பூர்வ வெளியீட்டுப் பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். வேறு எங்கிருந்தும் வேண்டாம். இறக்கிய கோப்பு மாறவில்லை என்று உறுதிசெய்ய, கூடவே தரப்பட்டிருக்கும் ஷா-256 சரிபார்ப்புத் தொகையை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். தொகுப்பைப் பிரித்து, இயங்கு கோப்பை ஹோம் அடைவில் நீங்களே உருவாக்கிய ஒரு கோப்புறையில் வைத்து ஓட்டுங்கள். நிறுவல் அவ்வளவுதான். புதிய பதிப்பு வரும்போது அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். கோப்பு உங்களுடையது என்பதால் அதற்கும் நிர்வாகி தேவைப்பட மாட்டார்.

ஓட்டியதும் 'அனுமதி இல்லை' என்று வந்தால், இயங்கும் அனுமதி கொடுத்தீர்களா என்று பாருங்கள். கொடுத்த பிறகும் அதே செய்தி வந்தால், ஹோம் அடைவு உள்ள வட்டையே 'நோஎக்செக்' விருப்பத்தோடு ஏற்றியிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் பொருள். அங்கிருந்து எதையும் ஓட்டக் கூடாது என்பது நிர்வாகி தெரிந்தே எடுத்த முடிவு. அதைச் சுற்றிக்கொண்டு போக வழி தேடாமல் நேரில் போய்ப் பேசுங்கள். அதேபோல, பெரிய கணக்கீடுகளுக்கான கூட்டுக் கணினியின் நுழைவு இயந்திரமாக அது இருந்தால், நாள் முழுவதும் ஓடும் நிரல்களை அங்கே வைக்கப் பெரும்பாலும் தடை இருக்கும். விதிகளைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

கட்டுப்பாட்டுப் பக்கம் 127.0.0.1:8384 என்ற முகவரியில், சர்வருக்குள்ளேதான் திறக்கும். உங்கள் மடிக்கணினியிலிருந்து அதைப் பார்க்க, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச்சில் போர்ட் திருப்பும் வசதி இருக்கிறது. மடிக்கணினியின் 8384இல் ஏற்கெனவே அதன் சொந்த சிங்க்திங் உட்கார்ந்திருக்கும். ஆகவே சர்வரின் 8384ஐ மடிக்கணினியின் 9384க்குத் திருப்பிக்கொள்ளுங்கள். இனி உலாவியில் இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்து வேலை பார்க்கலாம். ஒவ்வொரு கணினிக்கும் ஏழு எழுத்துகள் கொண்ட எட்டுத் தொகுதிகளாக ஓர் அடையாள எண் இருக்கும். ஒன்றின் எண்ணை மற்றொன்றில் சேர்த்து, இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டால்தான் இணைப்பு ஏற்படும்.

இப்போது உங்கள் கோப்புகளுக்கு வருகிறேன். மைப்படிப் படங்களையும் குறிப்புகளையும் ஒரே கோப்புறையில் போடாதீர்கள். படங்கள் ஒருமுறை எடுத்தால் எடுத்ததுதான், யாரும் திருத்தப்போவதில்லை. படக் கோப்புறையைச் சர்வரில் 'அனுப்ப மட்டும்' என்றும் மடிக்கணினியில் 'பெற மட்டும்' என்றும் அமைத்துவிடுங்கள். வீட்டில் தவறுதலாக ஒரு படத்தை அழித்தாலும் சர்வரில் உள்ள மூலத்துக்கு ஒன்றும் ஆகாது. குறிப்புகளுக்கு மட்டும் இருவழிப் பகிர்வு போதும். ஒரே குறிப்பை இரண்டு இடத்திலும் திருத்தியிருந்தால், ஒன்றைத் தனிப் பெயரில் 'சிங்க்-கான்ஃப்ளிக்ட்' என்று ஒதுக்கி வைக்கும். எதுவும் தொலையாது. ஆனால் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை உங்களுடையது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஒத்திசைவு என்பது காப்புப் பிரதி ஆகாது. இருவழிக் கோப்புறையில் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். பழைய பதிப்புகளைச் சேமிக்கும் வசதி மென்பொருளிலேயே இருக்கிறது. நீங்கள்தான் அதை இயக்க வேண்டும். சர்வரில் இயக்கினால் அந்தப் பழைய பதிப்புகளும் உங்கள் வட்டு ஒதுக்கீட்டில்தான் சேரும்.  குறிப்புகளுக்கு மட்டும் போடுங்கள். மைப்படிகளுக்குத் தனியாக ஒரு வெளி வட்டில் பிரதி எடுத்து, பீரோவில் வைத்துவிடுங்கள். வெயிலிலும் மழையிலும் நின்று எடுத்த படங்கள் அவை. சில கல்வெட்டுகள் சுண்ணாம்புப் பூச்சிலும் மணல் வீச்சிலும் ஏற்கெனவே மறைந்துவிட்டன. மறுபடி எடுக்கலாம் என்ற நம்பிக்கையில் இருக்காதீர்கள்.

கேள்வி: நீங்கள் முன்பு சொன்னபடி சிங்க்திங்கை ஹோம் அடைவில் வைத்து ஓட்டினேன். நன்றாக ஓடியது. எஸ்எஸ்எச்சிலிருந்து வெளியேறியதும் நின்றுவிடுகிறது. என்ன செய்வது?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: நீங்கள் திறந்த அமர்வோடு அதுவும் முடிந்துவிடுகிறது. எளிய வழி, அமர்வு முடிந்தாலும் நிரலை ஓடவிடும் டீமக்ஸ் அல்லது ஸ்கிரீன். அதற்குள் ஓட்டிவிட்டு, பிரித்துவைத்து வெளியேறுங்கள். நிரல் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் சர்வரை மறுபடி இயக்கும்போது அது தானாக எழாது. நிரல்களைத் தானாக ஓட்டும், பயனருக்கான கிரான்டேப் வசதி உங்களுக்குத் திறந்திருந்தால், அதில் 'ரீபூட்' என்ற குறிச்சொல்லோடு ஒரு வரி சேர்த்தால் போதும்.

சீரான வழி, லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் பயனர் சேவை. நீங்கள் இறக்கிய தொகுப்பிலேயே அதற்கான சேவைக் கோப்பு இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. அதை உங்கள் கான்ஃபிக் அடைவில் உரிய இடத்துக்கு நகலெடுத்து, உள்ளே இயங்கு கோப்பின் பாதை எழுதியிருக்கும் வரியை உங்கள் ஹோம் அடைவின் பாதைக்கு மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் அது பொது அடைவில் போய்த் தேடித் தோற்றுவிடும்.

இதிலும் ஒரு முடிச்சு உண்டு. கடைசி அமர்வை முடித்ததும் பயனர் சேவைகளையும் சிஸ்டம்டி நிறுத்திவிடும். நிறுத்தாமல் இருக்க உங்கள் கணக்குக்கு 'லிங்கர்' அமைப்பை இயக்க வேண்டும். சில கணினிகளில் நீங்களே இயக்கலாம், சிலவற்றில் நிர்வாகிதான் இயக்க வேண்டும். அப்படியானால் அவரிடம் சுடோ கேட்காதீர்கள், லிங்கர் கேளுங்கள். எதற்கு, எந்த மென்பொருள், எந்த போர்ட், எவ்வளவு இடம் என்று நான்கு வரியில் எழுதிக் கொடுங்கள். பொத்தாம் பொதுவாகக் கேட்டால் எந்த நிர்வாகிக்கும் பயம் வரும். குறிப்பாகக் கேட்பவரை மறுக்க அவருக்குக் காரணம் இருக்காது.

கேள்வி: 127.0.0.1 என்பது வெளியிலிருந்து யாரும் தொட முடியாத முகவரிதானே? சிங்க்திங்கின் கட்டுப்பாட்டுப் பக்கத்துக்குக் கடவுச்சொல் எதற்கு?
– கல்லூரி ஆசிரியர், சேலம்

பதில்: வீட்டுக் கணினியில் உங்கள் வாதம் ஓரளவு செல்லும். பலர் பயன்படுத்தும் சர்வரில் செல்லவே செல்லாது. அந்த முகவரியை வெளியிலிருந்து தொட முடியாது, உண்மைதான். அதே சர்வரில் கணக்கு வைத்திருக்கும் மற்ற எல்லோரும் தொடலாம். லினக்ஸில் கோப்புக்கு உரிமையாளர் உண்டு, அனுமதி உண்டு. உள்ளூர் போர்ட்டுக்கு அப்படி எதுவும் கிடையாது.

உங்கள் சர்வரில் பக்கத்து மேசை மாணவர் எஸ்எஸ்எச் போர்ட் திருப்பலை 8384க்குப் போட்டு, தன் உலாவியைத் திறக்கிறார் என்று வையுங்கள். வருவது உங்கள் பக்கம். 'கோப்புறை சேர்' என்று அழுத்தி, உங்கள் ஹோம் அடைவு முழுவதையும் குறிப்பிட்டு, தன் கணினியின் அடையாள எண்ணுக்குப் பகிர்ந்தால் போதும். மென்பொருள் உங்கள் பெயரில், உங்கள் உரிமையோடு ஓடுகிறது. நீங்கள் படிக்க முடிந்த ஒவ்வொரு கோப்பையும் அது அவருக்கு அனுப்பிவிடும். எஸ்எஸ்எச்சின் ரகசியச் சாவி, திருத்திக்கொண்டிருக்கும் விடைத்தாள் மதிப்பெண்கள், எல்லாமே போகும். உங்கள் கோப்புகளுக்கு சிஎச்மாட் (அனுமதியை மாற்றும் கட்டளை) கொடுத்துப் போட்ட பூட்டு எதுவும் அங்கே உதவாது.

எனவே முதன்முறை ஓட்டியதும், கோப்புறை எதையும் சேர்ப்பதற்கு முன்பே, அமைப்புகளுக்குள் போய்ப் பயனர் பெயரும் வலுவான கடவுச்சொல்லும் வையுங்கள். மென்பொருளே அதைக் கேட்டு எச்சரிக்கும், பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். முகவரியை 0.0.0.0 என்று மாற்றச் சொல்லி யாராவது குறிப்பு கொடுத்தால் கேட்காதீர்கள். அது பக்கத்தை வலையமைப்பு முழுவதற்கும் திறந்துவிடும். பகிரும் கோப்புறைக்கும் சிஎச்மாட் 700 (உங்களுக்கு மட்டும் அனுமதி) கொடுத்துவிடுங்கள். பழைய சர்வர்கள் பலவற்றில் ஒருவரின் ஹோம் அடைவை மற்றவர் படிக்கலாம் என்ற நிலையே இயல்பாக இருக்கிறது. உபுண்டுவில் 21.04 பதிப்பில்தான் அதை மூடினார்கள்.

கேள்வி: விண்டோஸிலிருந்து லினக்ஸ் சர்வருக்கு அனுப்பும்போது நீளமான தமிழ்ப் பெயருள்ள கோப்புகள் மட்டும் தோற்றுப்போகின்றன. தமிழை லினக்ஸ் ஏற்காதா?
– பதிப்பக ஊழியர், சென்னை

பதில்: தாராளமாக ஏற்கும். சிக்கல் நீளத்தில் இருக்கிறது. லினக்ஸில் பரவலாக உள்ள எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுக்கும். அப்படியானால் அதிகபட்சம் 85 குறிகள். உயிர்மெய்யில் மெய்க்கு ஒன்று, உயிர்க் குறிக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று என்று தனித்தனிக் கணக்கு. 'க்கு' என்பதற்கே நான்கு குறிகள், 12 பைட். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் 255 குறிகள் வரை இடம் தருவதால் அங்கே எந்தச் சிக்கலும் தெரியாது. நூலாசிரியர் பெயர், நூல் பெயர், பதிப்பு, திருத்தம் எத்தனையாவது என்று எல்லாவற்றையும் கோப்புப் பெயரிலேயே எழுதும் வழக்கம் பதிப்பகங்களில் உண்டு. அவற்றில் பாதியைக் கோப்புறைப் பெயருக்கு மாற்றுங்கள்.

இதோடு தொடர்புள்ள இன்னொன்று. 'கொ' போன்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், எகரக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. லினக்ஸுக்கு வெவ்வேறு பெயர்கள். மேக் கணினியும் புழங்கும் அலுவலகத்தில், ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருப்பதுபோல் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். சிங்க்திங்கில் பெயர்களை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் அமைப்பு இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும். அதை நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் சர்வரில் ரூட் (முழு நிர்வாகி) உரிமை பெறும் ஓட்டை ஒன்று நண்பனுக்குத் தெரியும். ஒரே ஒருமுறை பயன்படுத்தி நிறுவிக்கொள்ளலாமா?
– பெயர் வேண்டாம்

பதில்: கூடாது. ஓட்டை இருப்பதை இன்றே நிர்வாகிக்குத் தெரிவியுங்கள். அந்த சர்வரில் மற்றவர்களின் ஆய்வேடுகள் இருக்கின்றன.

கேள்வி: லினக்ஸ் கோப்புகளை விண்டோஸுடன் பகிரும் சாம்பாவை ஹோம் அடைவிலேயே ஓட்டி, விண்டோஸில் பகிர்வு வட்டாகக் காட்ட முடியுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: விண்டோஸ் இயல்பாக அந்தப் பகிர்வை 445ஆம் போர்ட்டில் தேடும். அது 1024க்குக் கீழே இருப்பதால் உங்களால் திறக்க முடியாது. அந்த வழியை விட்டுவிடுங்கள். எஸ்எஸ்எச் கணக்கு இருந்தாலே, அதன் வழியே கோப்புகளை அனுப்பும் எஸ்எஃப்டிபி பெரும்பாலும் கிடைக்கும். வின்எஸ்சிபி அல்லது ஃபைல்ஜில்லாவில் அதே பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் கோப்புகள் தெரியும். ஒருவழியாக அனுப்பினால் போதும் என்றால் ஆர்சிங்க் இருக்கிறது. ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மக்கெராஸ் இருவரும் 1996இல் வெளியிட்டது. சாம்பாவைத் தொடங்கியவரும் அதே டிரிட்ஜெல்தான். கோப்பில் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் என்பதால் மெதுவான இணைப்பிலும் தாங்கும். உங்கள் சர்வரில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.