ஸ்கூபா சாமான்: எதை வாங்கலாம், எதை வாடகைக்கு எடுக்கலாம்?

அழகர் ஆற்றில் இறங்குவதற்கே வைகை அணையில் இருந்து தண்ணீர் திறந்துவிட வேண்டிய ஊர் நம்முடையது. இங்கிருந்து, முதுகில் காற்று சிலிண்டரோடு கடலுக்குள் முங்கும் ஸ்கூபா டைவிங் சாமான் பற்றி இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் நினைக்கவில்லை. அந்தமான் டூர் போய் வந்தவர்கள், ராமேசுவரம் பக்கம் ஒரு தடவை முங்கிப் பார்த்தவர்கள், துபாயில் இருந்து திரும்பிய மச்சானிடம் பழைய சாமானுக்கு விலை பேசிக்கொண்டிருப்பவர்கள் என்று பல ரகம். வந்ததில் சிலவற்றுக்கு இந்த வாரம் பதில்.

அந்தமானில் ஒரு நாள் ஸ்கூபா செய்தேன். மனசு அங்கேயே நின்றுவிட்டது. மே மாதம் புதுச்சேரியில் ஓப்பன் வாட்டர் என்ற ஆரம்பநிலை டைவிங் கோர்ஸ் சேரப் போகிறேன். ஆன்லைனில் மாஸ்க், ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு), ரெகுலேட்டர், பி.சி.டி. எல்லாம் சேர்த்து ‘முழு செட்’ என்று ஒரு லட்சத்துக்குள் விற்கிறார்கள். போவதற்கு முன்பே வாங்கிவிடலாமா? (வாசகர், கே.கே. நகர்)

வேண்டாம். மாஸ்க் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு போங்கள்.

கல்யாணத்துக்குப் பந்தலை வாடகைக்கு எடுக்கிறோம், வேட்டியை எடுப்பதில்லை. ஸ்கூபாவிலும் அதே கணக்குதான். உங்கள் முகத்திலும் காலிலும் ஒட்டி உட்கார வேண்டியது உங்களுடையதாக இருக்கட்டும். சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரும், காற்று ஊதி மிதக்க வைக்கும் ஜாக்கெட்டான பி.சி.டி.யும் எல்லா டைவிங் சென்டரிலும் இருக்கும். கோர்ஸ் கட்டணத்திலேயே பெரும்பாலும் அவற்றின் வாடகையும் சேர்ந்துவிடும். சேர்வதற்கு முன் இதை மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இன்னொன்று, கோர்ஸ் முடிப்பதற்குள் இரண்டு மூன்று வகை ஜாக்கெட்டாவது போட்டுப் பார்த்திருப்பீர்கள். எது தோளில் அறுக்கிறது, எது இடுப்பில் ஏறிக்கொள்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். இன்றைக்கு வாங்கினால் படத்தைப் பார்த்து வாங்கியதாகத்தான் இருக்கும்.

மதுரையில் இருந்துகொண்டு வருஷத்துக்கு எத்தனை நாள் கடலுக்குள் போவீர்கள்? நேர்மையாகக் கணக்குப் போடுங்கள். இரண்டு டூர், எட்டுப் பத்து டைவ். அதற்காக ரெகுலேட்டரை அலமாரியில் வைத்து, ஆண்டுதோறும் சர்வீஸுக்குப் பணம் கட்டி, ஒவ்வொரு தடவையும் பத்துக் கிலோ மூட்டையை விமானத்தில் தூக்கிப் போக வேண்டும். உள்நாட்டு விமானத்தில் செக்-இன் பெட்டிக்குப் பொதுவாக 15 கிலோதான் அனுமதி. மிச்சம் ஐந்து கிலோவில் துணிமணி!

சரி, மாஸ்க் விஷயத்துக்கு வருவோம். பதிலில் பாதியை இதற்கே ஒதுக்குகிறேன். ஒழுகும் மாஸ்க்கைப் போல ஒரு டைவைக் கெடுப்பது வேறு எதுவும் இல்லை.

முதலில், நம் ஊர் விளையாட்டுச் சாமான் கடைகளில் தொங்கும் நீச்சல் கண்ணாடி ஆகவே ஆகாது. பத்து மீட்டர் இறங்கினாலே அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு ஆகிவிடும். கண்ணாடிக்குள் இருக்கும் காற்று சுருங்கி, கண்ணைச் சுற்றி உறிஞ்சி இழுக்கும். மூக்கால் கொஞ்சம் காற்று விட்டால்தான் சமனாகும். நீச்சல் கண்ணாடியில் மூக்கு வெளியே இருக்கிறதே, எப்படி விடுவீர்கள்? ஸ்நார்க்கல் பண்ணுவதற்கென்று, அதாவது தண்ணீர் மேலேயே மிதந்து குழாய் வழியாக மூச்சுவிட்டபடி வேடிக்கை பார்ப்பதற்கென்று, முகம் முழுக்க மூடும் மாஸ்க் விற்கிறார்கள், அதுவும் இதற்கு உதவாது. அதற்குள் ரெகுலேட்டரை வாயில் வைக்க முடியாது, காது அடைத்தால் மூக்கைப் பிடிக்கவும் முடியாது.

கண்ணாடியில் ‘டெம்பர்டு’ என்ற முத்திரை இருக்கிறதா பாருங்கள். ஓரம் சிலிக்கானாக இருக்க வேண்டும், மலிவான பி.வி.சி. வேண்டாம். பிறகு பட்டையை முன்பக்கம் மடித்துவிட்டு, மாஸ்க்கை முகத்தில் சும்மா வைத்து, மூக்கால் லேசாக மூச்சை இழுத்துக் கையை எடுத்துவிடுங்கள். விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அப்படியே ஸ்நார்க்கல் குழாயை வாயில் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை பாருங்கள், ஏனென்றால் வாயில் எதையாவது கடித்தால் கன்னத்தின் அமைப்பே மாறிவிடும். மூக்குத்தண்டிலும் நெற்றியிலும் அழுத்தம் தெரியக் கூடாது. பட்டையை இறுக்கித்தான் நிற்கிறது என்றால் அது உங்கள் முகத்துக்கு உரிய மாஸ்க் இல்லை. விலை கூடியது நன்றாக ஒட்டும் என்றும் நினைக்க வேண்டாம். முகவாகு பிராண்டைப் பார்த்து அமைவதில்லை.

ஆன்லைனில் வாங்கினால் இந்தச் சோதனை நடக்காது. எனவே திருப்பிக் கொடுக்கும் வசதி உள்ள இடத்தில் மட்டும் வாங்குங்கள். கோர்ஸ் நடக்கும் ஊரிலேயே நாலைந்து போட்டுப் பார்த்து எடுத்தால் இன்னும் நல்லது.

மீசை வைத்திருக்கிறீர்களா? மதுரைக்காரரிடம் இதைக் கேட்பதே அதிகப்பிரசங்கம்தான். மூக்குக்குக் கீழே மாஸ்க் ஓரம் தோலில் ஒட்ட வேண்டும், மயிரில் ஒட்டாது. மீசையின் மேல் விளிம்பில் மெல்லிசாக ஒரு கோடு மழித்துவிட்டால் போதும். மனசு வரவில்லை என்றால் சிலிக்கான் கிரீஸ் தடவலாம். வாஸ்லின் வேண்டாம், அது ரப்பர் சாமானுக்கு ஆகாது.

புது மாஸ்க்கின் உள்பக்கம் தயாரிப்பின்போது படிந்த மெல்லிய படலம் இருக்கும். அதை எடுக்காவிட்டால் தண்ணீரில் ஆவி படிந்து ஒன்றும் தெரியாது. ஜெல் இல்லாத வெள்ளை டூத்பேஸ்ட்டை விரலால் தேய்த்துக் கழுவுங்கள். மூன்று நான்கு தடவை செய்ய வேண்டும்.

மாஸ்க்குக்கு அடுத்து ஃபின்ஸ். கரையில் இருந்து பாறை, சிப்பி மிதித்து இறங்குவதாக இருந்தால் பூட்ஸ் போட்டுக்கொண்டு மாட்டும், குதிகால் திறந்த ரகம் வாங்குங்கள். படகில் இருந்து மட்டும் குதிப்பதாக இருந்தால் ஷூ மாதிரி பாதம் முழுக்க மாட்டும் ரகம் போதும், எடையும் குறைவு. நான் முதல் ஜோடியைச் செருப்பு சைஸ் சொல்லி வாங்கினேன். ராமேசுவரத்தில் முதல் நாளே இரண்டு குதிகாலிலும் கொப்புளம், மறுநாள் முழுக்கக் கரையில் உட்கார்ந்து சுண்டல் தின்றேன். காலில் மாட்டி, விரலை ஆட்டிப் பார்த்து வாங்குங்கள்.

எனக்கு மைனஸ் 3 பவர். கண்ணாடி இல்லாமல் கடலுக்குள் மீன் தெரியுமா? (வாசகி, வில்லாபுரம்)

தண்ணீருக்குள் பொருள்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், கால் பங்கு கிட்டத்திலும் தெரியும். அதனால் மைனஸ் ஒன்றுக்குள் இருப்பவர்கள் சமாளித்துவிடுவார்கள், நீங்கள் கஷ்டப்படுவீர்கள். இரண்டு தனித்தனிக் கண்ணாடி உள்ள மாஸ்க் மாடல்களில், பவர் லென்ஸ் அரை அரை எண்ணாக ரெடிமேடாகவே கிடைக்கிறது. வாங்கும் மாடலுக்கு அந்த லென்ஸ் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். உங்கள் கண்ணுக்கு ‘சிலிண்டர் பவர்’ (ஆஸ்டிக்மாடிசத்துக்கான பவர்) இருந்தால் தனியாகச் செய்ய வேண்டியிருக்கும். மென்மையான கான்டாக்ட் லென்ஸ் போட்டும் டைவ் செய்யலாம், கடினமான லென்ஸ் மட்டும் வேண்டாம். கண் ஆஸ்பத்திரிக்குப் பேர் போன ஊரில் இருக்கிறீர்கள், கடைசியாக எடுத்த பவர் சீட்டோடு போங்கள்.

துபாயில் இருந்து வந்த மச்சான், எட்டு வருஷத்துக்கு முன் வாங்கிய ரெகுலேட்டரையும் ஜாக்கெட்டையும் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். சொந்தக்காரர் வேறு. (வாசகர், திருநகர்)

சொந்தக்காரரிடம் பைக் வாங்கும்போதும் ஆர்.சி. புத்தகம் பார்க்கிறோம் இல்லையா? இதில் பார்க்க வேண்டியது சர்வீஸ் சீட்டு. ரெகுலேட்டரை ஆண்டுக்கு ஒரு முறை, அல்லது அந்தக் கம்பெனி சொல்லும் இடைவெளியில், பிரித்து உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்களை மாற்ற வேண்டும். உபயோகிக்காமல் அலமாரியில் கிடந்தாலும் ரப்பர் கெடும். ‘நான் அதிகம் யூஸ் பண்ணவே இல்லை மாப்பிள்ளை’ என்றால் சந்தோஷப்படாதீர்கள்.

நீங்களே பார்க்கக்கூடியவை சில உண்டு. சிலிண்டரில் மாட்டும் இடத்தில், உள்ளே சிறு வடிகட்டி தெரியும். பச்சை பிடித்திருந்தால் கடல் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. குழாய்களை முனைகளில் வளைத்துப் பாருங்கள், வெடிப்பு இருந்தால் அவற்றை மாற்ற வேண்டும். தூசி மூடியை இறுக்கி மூடிவிட்டு வாயில் வைத்து மூச்சை இழுங்கள், துளி காற்றும் வரக் கூடாது. ஜாக்கெட்டை வாயால் ஊதி, ராத்திரி முழுக்க வைத்துவிட்டுக் காலையில் தொட்டுப் பாருங்கள். குலுக்கினால் உள்ளே உப்பு கரகரக்கிறதா என்றும் கேளுங்கள்.

பிறகு அந்த மாடலுக்கு இன்னும் சர்வீஸ் கிட் (மாற்ற வேண்டிய உதிரிகள்) வருகிறதா என்று விசாரியுங்கள். வரவில்லை என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். வந்தால், அதைக் கடலோர ஊருக்குப் பார்சல் அனுப்பி, பிரித்து மாட்டி, குழாயும் மாற்றிய செலவை மச்சான் சொன்ன விலையோடு கூட்டுங்கள். பாதி விலை அநேகமாக முக்கால் விலை ஆகியிருக்கும். மாட்டும் முனை திருகும் வகையான டின்-ஆ, கவ்வும் வகையான யோக்-ஆ என்பதையும் கேளுங்கள். பல இடங்களில் சிலிண்டர் யோக்குக்குத்தான் இருக்கும், டின் என்றால் அடாப்டர் தேவைப்படலாம்.

மச்சானிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் வீட்டு விஷயம். அதற்கு இந்தப் பகுதியில் இடம் இல்லை.

சின்னதாக ஒரு ஆக்சிஜன் சிலிண்டர், கைப்பம்போடு ஆன்லைனில் விற்கிறது. எங்கள் தோட்டத்துக் கிணற்றில் பழகிப் பார்க்கலாமா? (வாசகர், மேலூர்)

கூடவே கூடாது. முதலில் ஒரு திருத்தம்: ஸ்கூபா சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் இல்லை, நாம் சுவாசிக்கும் அதே காற்றுதான். சுத்த ஆக்சிஜனை ஆறு மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் அதுவே விஷமாகி வலிப்பு வரலாம்.

அந்தச் சின்னச் சிலிண்டர் அரை லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 200 பார் அழுத்தம் வரை அடைத்தால் நூறு லிட்டர் காற்று. மனுஷன் தண்ணீரில் நிமிஷத்துக்கு இருபது லிட்டராவது இழுப்பான். மேலேயே ஐந்து நிமிஷம், பத்து மீட்டர் ஆழத்தில் அதில் பாதி. பயந்து வேகமாக இழுத்தால் அதுவும் இல்லை. காற்று தீர்ந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வருவீர்கள். நுரையீரலுக்குள் இருக்கும் அழுத்தக் காற்று, ஏற ஏற விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். சாதாரணமாகக் கிணற்றில் முங்கி எழுபவருக்கு இந்த ஆபத்து இல்லை, சிலிண்டரில் இருந்து காற்று இழுத்தவருக்கு உண்டு. கோர்ஸில் சொல்லித் தரும் முதல் பாடமே மூச்சைப் பிடிக்காதே என்பதுதான்.

டயருக்குக் காற்று அடிக்கும் கம்ப்ரசரில் நிரப்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதில் எண்ணெய்ப் புகையும் கார்பன் மோனாக்சைடும் கலந்து வரலாம். சுவாசிப்பதற்கென்று வடிகட்டும் கம்ப்ரசர் வேறு. பழகத்தான் வேண்டும் என்றால் ரேஸ் கோர்ஸ் மைதான நீச்சல்குளத்தில் மாஸ்க், ஸ்நார்க்கல் மட்டும் போட்டுப் பழக அனுமதிப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

என் வாட்சில் 50 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ட் என்று போட்டிருக்கிறது. தனியாக டைவ் கம்ப்யூட்டர் எதற்கு? அப்புறம், சனிக்கிழமை ராமேசுவரத்தில் டைவ், ஞாயிறு காலை கொடைக்கானல் என்று பிளான். (வாசகர், செல்லூர்)

அந்த 50 மீட்டர் என்பது ஆய்வகத்தில் அசையாமல் வைத்துச் சோதித்த அழுத்தம். நீச்சலுக்குப் போதும், டைவிங்குக்கு இல்லை. டைவிங் வாட்ச் என்று சொல்ல உலகத் தர விதிப்படி குறைந்தது 100 மீட்டர் வேண்டும்.

கம்ப்யூட்டர் ஆழத்தை மட்டும் காட்டுவதில்லை. உடம்பில் எவ்வளவு நைட்ரஜன் சேர்ந்திருக்கிறது, இந்த ஆழத்தில் இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வரும். வேகமாக மேலே ஏறினால் கத்தும். அதனால்தான் காலை டைவுக்கு ஒருவர், மதியத்துக்கு இன்னொருவர் என்று மாற்றிக் கட்டிக்கொள்ளக் கூடாது. மாஸ்க், ஃபின்ஸுக்கு அடுத்து சொந்தமாக வாங்கத் தகுந்தது இதுதான். பேட்டரியை நீங்களே மாற்ற முடிகிற மாடலாகப் பார்த்து, எழுத்து பெரிதாகத் தெரிவதை எடுங்கள். கலர் திரைக்குக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

கொடைக்கானலை மாற்றி வையுங்கள். ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும் என்பது டைவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் சொல்லும் வழிமுறை. விமானத்துக்குள் அழுத்தம் சுமார் 2,400 மீட்டர் மலையில் இருப்பது மாதிரி குறைந்துவிடும். கொடைக்கானல் 2,100 மீட்டர். காரில் போனாலும் உடம்புக்கு அது கிட்டத்தட்ட விமானம்தான், உள்ளே கரைந்த நைட்ரஜன் குமிழி கட்டும். முதலில் கொடைக்கானல் போய்விட்டு, அப்புறம் ராமேசுவரம் வாருங்கள்.

ஆன்லைனில் வாங்கிய மாஸ்க்கின் சிலிக்கான் ஓரம் கிழிந்து வந்தது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்கிறார்கள். (வாசகி, திருமங்கலம்)

குறையுள்ள பொருளுக்கு அந்த வாசகம் செல்லாது. பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். முதலில் படத்தோடு எழுத்தில் கேளுங்கள், பிறகு 1915 உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால், கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது மதுரை நுகர்வோர் ஆணையத்தில், இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இறக்குமதியாளர் பெயர், முகவரி அதில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே தனிப் புகார்.

டூர் முடிந்து வந்ததும் சாமானை எப்படிக் கழுவி வைப்பது? (வாசகர், அவனியாபுரம்)

நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடல் உப்பை எடுத்துவிட்டு நம் ஊர் உப்பை ஏற்றியதாகிவிடும், எனவே குடிதண்ணீரில் ஒரு பக்கெட் ஒதுக்குங்கள். மொட்டை மாடி வெயிலில் காயப் போடாதீர்கள், நிழலில் உலரட்டும். மாஸ்க்கை அதன் டப்பாவிலேயே வையுங்கள், கறுப்பு ரப்பரோடு சேர்ந்து கிடந்தால் வெள்ளை சிலிக்கான் கறை பிடிக்கும். ஃபின்ஸைச் சுவரில் சாய்த்து நிறுத்தினால் முனை வளைந்து அப்படியே நின்றுவிடும், கட்டிலுக்கு அடியில் படுக்கப் போடுங்கள்.