சப்-கான்ட்ராக்ட் பாக்கியை வசூலிக்கும் வழி

கேள்வி: கோவையில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் வயரிங் வேலையை சப்-கான்ட்ராக்டாக எடுத்து முடித்துவிட்டேன். பாக்கி 8 லட்சம் ரூபாயைக் கேட்டால், உரிமையாளர் இன்னும் தரவில்லை என்கிறார் முதன்மை ஒப்பந்தக்காரர். நான் என்ன செய்வது?

பதில்: உங்கள் ஒப்பந்தம் அவருடன்தான், உரிமையாளரிடமிருந்து பணம் வந்த பிறகே தருவேன் என்ற நிபந்தனைக்கு நீங்கள் உடன்பட்டிராவிட்டால், அந்தச் சமாதானம் செல்லாது. எனக்குக் கவலை தருவது காலக்கெடுதான்: பணம் தரும் தேதி குறிக்கப்படாதிருந்தால், வேலை முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும், "அடுத்த மாதம் தருகிறேன்" என்ற வாய்ச்சொல் அதை ஒரு நாள்கூட நீட்டிக்காது. காலக்கெடு முடியுமுன் அவர் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுத் தந்தால், அன்றிலிருந்து காலம் புதிதாகத் தொடங்கும். ஆகவே, உறவு கெடுமே என்று தயங்காமல், இறுதி பில்லைக் காட்டி இப்போதே அந்தக் கையெழுத்தை வாங்க முயலுங்கள்.

ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்புக்கான பிரிவு இருந்தால் அவ்வழியே செல்ல வேண்டும். இல்லையெனில், தொகை 3 லட்சத்துக்கு மேல் என்பதால், 2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றச் சட்டப்படி, அவசர நிவாரணம் கோராத நிலையில், முதலில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சமரசத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். சமரசம் நடக்கும் நாட்கள் 3 ஆண்டுக் கணக்கில் சேராது. அவர் தந்த காசோலை பணமின்றித் திரும்பியிருந்தால், வங்கியின் தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள்.