ஜெர்மன் மேனேஜரின் ஆங்கிலத்தில் எதைத் திருத்துவது?

கேள்வி: எங்கள் ஜெர்மன் மேனேஜர் தன் ஆங்கில மெயில்களைப் பார்த்துத் திருத்தித் தரச் சொல்கிறார். எதில் கவனம் வைக்கலாம்?

சென்னையிலோ பெங்களூரிலோ இருந்து கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நான் ஸ்டுட்கார்ட்டில், சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறேன். இலக்கணத்தை விட்டுவிடுங்கள். 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்று பன்மையில் எழுதினால் எழுதிவிட்டுப் போகட்டும், யாருக்கும் நஷ்டமில்லை. அர்த்தமே தலைகீழாகும் இடங்களைப் பிடியுங்கள்.

அதில் முதல் ஆள் 'மஸ்ட் நாட்'. ஆங்கிலத்தில் அது 'செய்யவே கூடாது'. ஜெர்மனில் 'முஸ் நிஷ்ட்' என்றால் 'செய்யவேண்டிய அவசியமில்லை'. ஒரு ரிலீஸ் நெருக்கடியில் எங்கள் டீம் லீட் சென்னை டீமுக்கு 'யூ மஸ்ட் நாட் டெஸ்ட் திஸ் மாட்யூல்' என்று எழுதினார். வேலையைக் குறைத்துக் கொடுத்த திருப்தி அவருக்கு. அங்கே படித்தவர்களுக்கோ, யார் தொட்டார்கள், எதை உடைத்தார்கள் என்ற பீதி. சாயங்காலத்துக்குள் விளக்கம் கேட்டு எஸ்கலேஷன் மெயில், சிசியில் பெரிய தலைகள் எல்லாம். "நல்லதுதானே செய்தேன், ஏன் கோபப்படுகிறார்கள்?" என்று என் மேஜைக்கே வந்துவிட்டார் மனிதர். 'டோன்ட் ஹாவ் டு' என்று எழுதிக் கொடுத்தேன். இன்றுவரை அவர் மானிட்டரில் ஒட்டியிருக்கிறது.

அடுத்தது 'ஈவென்சுவலி'. ஆங்கிலத்தில் அது கடைசியில் நடந்தே தீரும். ஜெர்மன் 'எவென்டுவெல்'லோ 'நடந்தாலும் நடக்கலாம்' அவ்வளவுதான். புது சர்வருக்கு மாறுவோம் என்ற வாக்கியத்தில் இது வந்தால் உடனே ஃபோன் போட்டுக் கேளுங்கள். 'அன்டில் ஃப்ரைடே' என்று கேட்டால் வெள்ளிக்குள் வேண்டும் என்று அர்த்தம். 'பை' என்று மாற்றிவிடுங்கள்.

எண்களிலும் கண் வையுங்கள். கொட்டேஷனில் 1.250 யூரோ என்றிருந்தால் அது ஆயிரத்து இருநூற்றைம்பது. அவர்களுக்குப் புள்ளி ஆயிரத்துக்கு, கமா தசமத்துக்கு. மீட்டிங் 'ஹாஃப் த்ரீ' என்றால் நமக்கு மூன்றரை, அவர்களுக்கு இரண்டரை. இந்தப் பக்கத்து ஆட்கள் 'முக்கால் மூன்று' என்றும் சொல்வார்கள். அது 2:45.

எல்லா ஜெர்மன்காரர்களும் இப்படி என்று சொல்லவில்லை. நம்மைவிட நன்றாக எழுதுகிறவர்கள் எக்கச்சக்கம். ஜெர்மனே தெரியாத நீ யார் என்று கிளம்புபவர்களுக்கு: ஜெர்மன் மொழித் தேர்வில் பி2 நிலை பாஸ் செய்துவிட்டுத்தான் பேசுகிறேன்.

எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். 'ப்ளீஸ் டூ த நீட்ஃபுல்' என்று நான் எழுதினால் அப்ரைசலில் 'கம்யூனிகேஷன் முன்னேற வேண்டும்' என்று வருகிறது. சென்னையையே கதிகலங்க வைத்த மெயிலுக்குச் சிரிப்பு ஸ்மைலி. அப்ரைசலில் வந்த அந்த ஒரு வரியைக் காட்டித்தான் போன வருடம் என் இன்க்ரிமென்ட்டில் கை வைத்தார்கள்.

அதனால், நீங்கள் மெயில் திருத்தும் நேரத்தை டைம்ஷீட்டில் எந்தத் தலைப்பில் போடுவது என்று முதலிலேயே அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மெயிலிலேயே கேளுங்கள்.