பார்க்கின்சன் நோயும் மூளை ஸ்கேனும்: கேள்வி பதில்

(அணு மருத்துவத் துறையைச் சேர்ந்த நம் உறுப்பினர் பதிலளிக்கிறார்.)

கேள்வி: அப்பாவுக்கு வலது கை நடுங்குகிறது. எம்.ஆர்.ஐ. முடிவு இயல்பாக இருக்கிறது. அப்படியானால் பார்க்கின்சன் இல்லை என்று நிம்மதி அடையலாமா ஐயா?

பதில்: அவ்வாறு முடிவு செய்ய இயலாது. வழக்கமான எம்.ஆர்.ஐ. பார்க்கின்சன் நோயில் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். சிறு பக்கவாதங்கள், மூளையில் நீர்க்கோப்பு போன்ற வேறு காரணங்களை விலக்குவதற்காகவே அதை எடுக்கிறோம். அசைவுக்கு உதவும் மூளை வேதிப்பொருளான டோபமைன் இந்நோயில் குறைகிறது. அந்தக் குறைபாட்டைக் காட்டுபவை, சிறிதளவு கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுக்கப்படும், நம் நாட்டில் பரவலாகச் செய்யப்படும் டிரோடாட் ஸ்பெக்ட், எஃப்-டோபா பெட் ஆகிய ஸ்கேன்கள். நலமாக உள்ளவரின் டிரோடாட் படத்தில் இருபுறமும் காற்புள்ளி போன்ற வடிவம் ஒளிரும். நோய் தொடங்கும்போது அதன் வால், அதாவது அசைவைச் சீராக்கும் புட்டாமென் என்ற ஆழ்மூளைப் பகுதியின் பின்புறம், முதலில் மங்கும். வலது கை நடுங்கினால் பெரும்பாலும் இடப்பக்க வால்தான் கூடுதலாக மங்கியிருக்கும்.

கேள்வி: ஆண்டுக்கு ஒரு முறை டிரோடாட் எடுத்து, நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று அளக்கலாமா?

பதில்: ஒரு தனிநபருக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. ஓராண்டில் ஏற்படும் சரிவு சிறியது. கருவி மாறினாலும், கணக்கிடும் பகுதியைச் சற்று நகர்த்தி வரைந்தாலும், அதே அளவு வேறுபாடு ஸ்கேன் தரும் எண்ணில் வந்துவிடும். நூற்றுக்கணக்கானோரை ஒன்றாகத் தொடரும்போது இந்தப் பிழைகள் சமன்பட்டுவிடுவதால், 2010-இல் தொடங்கிய, பார்க்கின்சன் நோயாளிகளைத் தொடரும் பி.பி.எம்.ஐ. போன்ற நெடுங்கால ஆய்வுகளில் இத்தகைய ஸ்கேன் பயன்படுகிறது. இன்னொரு தடையும் உண்டு. இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று, நோய் கண்டறியப்பட்டு நான்கு ஆண்டுகளுக்குள் புட்டாமெனின் மேற்பகுதியில் டோபமைன் நரம்பிழைகள் ஏறக்குறைய அற்றுப்போவதைக் காட்டியது. அதன்பின் குறைவதற்கு அங்கே மிச்சமில்லை. நடை, நினைவாற்றல், விழுங்குதல் ஆகியவற்றில் நோய் முன்னேறிக்கொண்டிருந்தாலும், ஸ்கேன் எண் அநேகமாக அப்படியே நிற்கும்.

கேள்வி: பார்க்கின்சனுக்குத் தரப்படும் லெவோடோபா மருந்து மூளையைக் கெடுக்கிறது என்பதை ஸ்கேன் ஆய்வே நிரூபித்துவிட்டதாமே? அம்மாவின் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். நீங்கள் குறிப்பிடுவது 2004-இல் வெளியான எல்டோபா ஆய்வு. அதில் 361 பேருக்கு 40 வாரங்கள் லெவோடோபாவோ போலி மருந்தோ கொடுத்து, இரண்டு வாரங்கள் நிறுத்திப் பார்த்தார்கள். லெவோடோபா பெற்றவர்களின் உடல்நிலை மேலாக இருந்தது. ஆனால் ஸ்கேன் எடுக்கப்பட்டவர்களில், போலி மருந்துக் குழுவில் ஸ்கேன் எண்ணின் சராசரிச் சரிவு 1.4 சதவீதமாகவும், லெவோடோபா குழுக்களில் 4 முதல் 6 சதவீதமாகவும் இருந்தது. அந்த ஸ்கேன் நரம்பணுக்களை எண்ணுவதில்லை; அவற்றின் முனையிலுள்ள டோபமைன் கடத்திப் புரதத்தையே அளக்கிறது. அணு சாகாமலேயே மருந்தின் விளைவால் அப்புரதம் குறைந்திருக்கவும் கூடும்.

மறுப்பு (கேள்வி கேட்டவர்): டோபமைனைப் போலச் செயல்படும் பிரமிபெக்சோல் என்ற மருந்தோடு ஒப்பிட்ட ஆய்விலும் லெவோடோபா குழுவில்தானே ஸ்கேன் சரிவு அதிகம்?

பதில்: ஆம், 46 மாதங்களில் பிரமிபெக்சோல் குழுவில் 16 சதவீதம், லெவோடோபா குழுவில் 25.5 சதவீதம். ஆனால் அந்த ஆய்வில் போலி மருந்துக் குழு இல்லாததால், ஒரு மருந்து காத்ததா, மற்றொன்று கெடுத்ததா, இரண்டும் புரதத்தை மட்டும் மாற்றினவா என்று பிரித்தறிய வழியில்லை. நெதர்லாந்தில் 445 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான லீப் ஆய்வு, நோயாளியின் உடல்நிலையையே நேரடியாகப் பார்த்தது. லெவோடோபாவை உடனே தொடங்கியவர்களுக்கும் 40 வாரம் தாமதித்துத் தொடங்கியவர்களுக்கும் 80-ஆவது வாரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மருந்து நோயின் போக்கைத் தடுக்கவில்லை. கெடுத்ததற்கும் சான்று கிடைக்கவில்லை. ஸ்கேன் எண்ணுக்கு அஞ்சி, நடக்க வைக்கும் மருந்தை மறுப்பது நோயாளிக்கு இழைக்கும் கொடுமை என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: பாட்டி நெடுநாளாகத் தலைச்சுற்றலுக்குச் சின்னாரிசின் சாப்பிடுகிறார். இப்போது கை நடுக்கம். ஸ்கேன் உதவுமா?

பதில்: இங்கே மிகவும் உதவும். சின்னாரிசின், ஃப்ளுனாரிசின், வயிற்றுக்குத் தரப்படும் லெவோசல்பிரைடு ஆகியவை நரம்பணுக்களில் டோபமைன் வந்து சேரும் இடங்களான ஏற்பிகளை அடைத்து, பார்க்கின்சனைப் போன்ற நடுக்கத்தையும் இறுக்கத்தையும் உண்டாக்கக்கூடும். மருந்து மட்டுமே காரணமாக இருந்தால் டிரோடாட் பொதுவாக இயல்பாக இருக்கும். எல்லா மாத்திரை அட்டைகளையும் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்; எதை, எப்படி நிறுத்துவது என்பதை அவரே சொல்லட்டும்.

கேள்வி: அப்பாவுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எடுக்கலாமா?

பதில்: இரண்டாம் கேள்விக்கான பதிலைப் படியுங்கள். ஓராண்டு இடைவெளிக்கே பொருந்தாதது ஆறு மாதத்துக்கும் பொருந்தாது.

கேள்வி: அறிக்கையில் புட்டாமென் 40 சதவீதம் என்று இருக்கிறது. எத்தனையாவது கட்டம்?

பதில்: கட்டத்தை அந்த எண் சொல்லாது, மருத்துவர் நோயாளியை நடக்கவும் திரும்பவும் வைத்துப் பார்த்தே சொல்வார். எண்ணைப் பார்த்து மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம் என்று மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: கதிரியக்கம் இல்லாமல் நோயின் முன்னேற்றத்தைத் தொடர வழி வருமா?

பதில்: எனக்கு மிகுந்த நம்பிக்கை தரும் துறை இது. டோபமைன் நரம்பணுக்கள் இருக்கும் நடுமூளைப் பகுதியான சப்ஸ்டான்ஷியா நைக்ராவின் பின்பகுதியில் திசுக்களுக்கு இடையே தங்கும் நீரை, நீரின் அசைவைக் காட்டும் விரவல் வகை எம்.ஆர்.ஐ. மூலம் அளக்கிறார்கள். புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வுகளில், அந்த அளவு ஆண்டுதோறும் உயர்வது நான்கு ஆண்டுகள் வரை காணப்பட்டது. அதே பகுதியின் கருநிறமியான நியூரோமெலனின் குறைவதையும் தனி வகை எம்.ஆர்.ஐ. படத்தில் காண முடிகிறது. இவை இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களிலேயே உள்ளன. புதிய மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வில் சேர அப்பாவுக்கு வாய்ப்புக் கிடைத்தால், அங்கே இத்தகைய ஸ்கேன் எடுப்பதற்குத் தயங்க வேண்டாம்.